கூடப்பிறந்த பூஞ்சை

அண்ணன் அவளைக் காளான் என்றுதான் கூப்பிடுவான். பூஞ்சை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்த அன்றைக்கு வைத்த பெயர். "ஊர்ல எல்லாரும் பூஞ்சை பிடிச்சா துடைச்சுத் தூக்கிப் போடுவாங்க. நம்ம வீட்டுல ஒருத்தி அதுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கப் போறா" என்று அவன் சொன்னதில் அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

அவளுடைய வேலை, சொல்லப்போனால், இரண்டு பூஞ்சைகளின் கதை. ஒன்று எங்கும் இருப்பது. மட்கிய இலைக்குவியலில், ஏசி துவாரத்தில், பழைய தலையணையில், எங்கே பார்த்தாலும் அது உண்டு. நாம் எல்லாரும் தினமும் அதன் வித்துகளை மூச்சில் இழுக்கிறோம். உடம்பு அதைச் சட்டை செய்வதில்லை. இன்னொன்று அதனுடைய கூடப்பிறப்பு. அரிதாகத்தான் தட்டுப்படும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் அதே காம்பு, அதே தலை, அதே வித்துச்சரம். இது எது, அது எது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டின் மரபணுத் தொகுப்பையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்று கோடி எழுத்துகளில் ஒரே வீட்டில் பிறந்த இருவர் எங்கெங்கே பிரிந்து போனார்கள் என்பது தெரிந்துவிடும். முதலாவது செத்துப்போகிற மருந்தில் இரண்டாவது ஏன் சாவதில்லை என்பதற்கான காரணமும் அந்தப் பிரிவில்தான் இருந்தது. அதைத்தான் அவள் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், அண்ணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து, போன வருடம்தான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தான். வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டி உட்கார வைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டும். "இனிமே சண்டை போட்டுட்டுப் போறேன்னு மிரட்ட முடியாது பாரு. உன்னுதுல பாதி என்கிட்ட இருக்கு" என்று அண்ணியைச் சீண்டுவான். அந்த வீட்டிலேயே குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் அவள் இருந்தாள். மூன்று பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இருமல் வந்தது. சளி என்று நினைத்தார்கள். பிறகு காய்ச்சல், பிறகு மூச்சிரைப்பு. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு திட்டு. உள்ளிருந்து நீரை உறிஞ்சி வளர்த்துப் பார்த்து, எங்கும் இருக்கிற அந்தச் சாதாரணப் பூஞ்சைதான் என்று முடிவு கொடுத்தார்கள். அதற்குரிய மருந்தும் ஏற்றினார்கள். மருந்து கேட்கவில்லை. திட்டு எலுமிச்சை அளவுக்கு வந்தது. அண்ணன் ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்ணை மூடியபடி கிடந்தான்.

நுரையீரல் மருத்துவர் அண்ணியையும் அவளையும் தன் அறைக்கு அழைத்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

"இன்னைக்குச் சாயங்காலம் வேற மருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஆனா அது முரட்டு மருந்து. கிட்னியைத் தாக்கும்" என்றார்.

"தாக்கும்னா?" என்று அண்ணி கேட்டார்.

"நீங்க குடுத்த கிட்னி போனாலும் போகலாம். உயிரா கிட்னியான்னு வந்தா நாங்க உயிரைத்தான் பார்க்கணும்."

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "போனாப் போகட்டும் டாக்டர். ஆளு இருந்தாப் போதும். எங்கே கையெழுத்துப் போடணும்?"

மருத்துவர் காகிதத்தை நகர்த்திக்கொண்டே, "நீங்களும் பூஞ்சைல வேலை பார்க்கறீங்களாமே? இதோ, உங்க அண்ணனோடது" என்று தன் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் வளர்த்த தட்டின் படம்.

அவள் பார்த்தாள். 

சாதாரணப் பூஞ்சை இத்தனை நாளைக்கு அடர்ந்த கரும்பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருக்க வேண்டும். இந்தத் தட்டில் பச்சை நடுவில் மட்டும் பூத்தாற்போல் இருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பஞ்சு. அந்த வெள்ளை விளிம்பை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். தன் மேசையில், தன் கைப்பட வளர்த்த தட்டுகளில். அது கூடப்பிறப்பு. அதற்கு இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்தும் கேட்காது. சாயங்காலம் ஏற்றப்போகும் முரட்டு மருந்தும் கேட்காது. சிறுநீரகம்தான் வீணாகப் போகும்.

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. அவள் திறக்கவில்லை.

ஏனென்றால் அதே நொடியில் குளியலறை வாளி கண்முன் வந்து நின்றது. ஆராய்ச்சிக்கூடத்தில் கோட்டுகள் துவைக்கும் இயந்திரம் ரொம்ப நாளாகப் பழுது. கோட்டு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆனால் அழுக்குக் கோட்டோடு எத்தனை நாள்தான் வேலை பார்ப்பது? ஒவ்வொருவராகப் பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். அவளும் எடுத்து வந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், வாளியில் ஊற வைத்திருந்த கோட்டை அண்ணி அண்ணனின் சட்டைகளோடு சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். "ஐயோ அண்ணி, நானே துவைச்சுக்குவேனே" என்றாள். "நீ எப்பத் துவைச்சு, அது எப்பக் காயறது?" என்று அண்ணி சிரித்தார். எதற்காக வேண்டாம் என்கிறாள் என்பதை அவள் அப்போதும் சொல்லவில்லை. எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டுச் செய்கிற வேலைதானே, கோட்டில் என்ன ஒட்டியிருக்கப் போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இந்த ஊரில் அந்த அரிய பூஞ்சை இருக்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசர்.

"சாதாரண வகைதானே?" என்று மருத்துவர் கேட்டார்.

"ம்" என்றாள். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. மருத்துவர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் அண்ணியை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். பாட்டில் நிரம்பி வழிந்து கையெல்லாம் நனைந்த பிறகுதான் குழாயை மூட வேண்டும் என்பது உறைத்தது. மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா, வெளிச்சம் சரியில்லாமல் இருக்கலாம், தட்டு பழசாக இருக்கலாம். சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் கோட்டு. கோட்டு என்றால் அண்ணி. அண்ணியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, முதலில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் யோசிக்கலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தோடு படிக்கட்டு வரை நடந்தும் விட்டாள்.

படிக்கட்டருகே ஒரு நர்ஸ் தள்ளுவண்டியில் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் திரவம். லேபிளில் அந்த முரட்டு மருந்தின் பெயர். அண்ணனின் படுக்கை எண்.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. வார்டில் மருத்துவர் இல்லை. சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கி, கேண்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றாள்.

"டாக்டர், அது சாதாரண வகை இல்லை. அப்பவே சொல்லியிருக்கணும். அந்த மருந்தை ஏத்தாதீங்க. அதுக்கும் கேட்காது."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டியது. வெள்ளை விளிம்பு, ஃப்ரீசர், கோட்டு, வாளி. மருத்துவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டவில்லை.

"எங்கேர்ந்து வந்ததுங்கறது அப்புறம். எந்த மருந்துக்குக் கேட்கும்? அதைச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். வேறொரு வகை மருந்து. பூஞ்சையின் வெளிச்சுவரையே கட்ட விடாமல் செய்வது. சிறுநீரகத்தைத் தொடாது. தட்டில் பலமுறை சோதித்ததில் கூடப்பிறப்பு அதற்குத்தான் அடங்கியிருக்கிறது.

"தட்டுல அடங்கறது வேற, மனுஷன் உடம்புல அடங்கறது வேற."

"தெரியும் டாக்டர். ஆனா மத்த ரெண்டும் தட்டுலகூட அடங்கறதில்லை."

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இந்தத் தட்டை உங்க கூடத்துக்கே அனுப்பறேன். நாளைக்குள்ள இதுதான்னு எனக்கு நிச்சயமாச் சொல்லுங்க. மருந்தை இன்னைக்கே மாத்திடறேன்."

ஆராய்ச்சிக்கூடத் தலைவர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனியாம்மா?"

"எல்லாரும் கொண்டுபோனோம் சார்."

"எல்லாருமா!" என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இது நம்மகிட்டேர்ந்து போனதுன்னு வந்துச்சுன்னா நாளைக்கே இந்தக் கதவுக்குப் பூட்டுதான்." நெற்றியைத் தேய்த்துவிட்டு, "பூட்டணும்னா பூட்டிக்கலாம். அதுக்காகப் பார்க்காம இருக்க முடியாது. ஆனா நீ இதைத் தொடக்கூடாது. உன் அண்ணன் சமாச்சாரம். ஆமை பார்க்கட்டும்."

ஆமை என்பது அவள் பக்கத்து மேசைக்காரன். எதையும் ஒரு தரத்துக்கு மூன்று தரம் சரிபார்க்காமல் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். அவன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் தட்டு வந்து இறங்கியதும் ஓடினான். ஒரு துளியை எடுத்துப் புதுத் தட்டில் இட்டு, சாதாரணப் பூஞ்சை இட்ட இன்னொரு தட்டோடு சூட்டுப்பெட்டியில் வைத்தான். கடும் சூட்டிலும் சாதாரணது வளரும். கூடப்பிறப்புக்கு அந்தச் சூடு ஆகாது. மீதியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து எழுத்து வாசிக்கும் கருவியில் ஏற்றினான். அவளுக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேலையில்லை. தன் மேசையில், தன் கருவிகளை, இன்னொருவன் தொடுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு நிற்பது அத்தனை பெரிய தண்டனையாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தான். ஒரு தட்டில் பச்சைக் கம்பளம். அண்ணனுடையதில் ஒன்றுமே இல்லை.

"நீ சொன்னது சரி" என்றான் ஆமை. சரியாகப் போனதற்காக அவள் அழுதாள். மருத்துவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இனி அண்ணி. மருத்துவமனை வராந்தாவில், வரிசையாகப் பிணைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் அண்ணி காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. மருந்து மாறியதும் சிறுநீரகம் தப்பியதும் அவருக்குத் தெரியும். "உன்னாலதான்னு டாக்டர் சொன்னாங்க" என்று அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டே அவள் கோட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணி கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கோட்டை நான்தானே துவைச்சேன்?"

"ஆமா அண்ணி."

"அவர் சட்டையோட சேர்த்து."

"அதுலேர்ந்துதான் வந்ததுன்னு இன்னும் தெரியாது அண்ணி. பார்த்துட்டு இருக்காங்க."

"என் கையாலேயே குடுத்தேன் கிட்னியை. என் கையாலேயே…" அண்ணி முடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "நீ உள்ள வராதே. நான் கூப்பிடற வரைக்கும் அவர் கிட்ட வராதே."

வீட்டுக்குப் போனாள். அடுப்பு அணைந்து கிடந்த வீடு. வாளியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். குளியலறை ஓடுகளின் இடுக்கில் கறுத்திருந்த இடத்தையெல்லாம் விரல் நோகத் தேய்த்தாள். கொடிக் கயிற்றை அறுத்தாள். அண்ணனின் சட்டைகளை மூட்டை கட்டினாள். பிறகு எதற்காகக் கட்டினோம் என்று தெரியாமல் அவிழ்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றில் வித்துகள் மிதப்பதாகவே பட்டது. தன் தலைமுடியில், தன் நகக்கண்ணில், தன் மூச்சில். ஜன்னல்களைத் திறந்தாள். வெளியிலிருந்து வந்தால் என்று மூடினாள்.

மூன்று கோடி எழுத்துகளும் வந்து சேர்ந்த அன்று ஆமை அவளைத் திரை முன்னால் உட்கார வைத்தான். தலைவர் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவதுகூட அவள் காதில் விழுந்தது.

"நம்ம ஃப்ரீசர்ல இருக்கறது எல்லாமே ஒரே தாய்கிட்டேர்ந்து வந்தது. அதுங்களுக்குள்ள வித்தியாசம் பார்த்தா விரல் விட்டு எண்ணிடலாம்" என்று ஆமை ஆரம்பித்தான். "உங்க வீட்டுக்கு வந்தது நம்மளுதா இருந்தா, இதுவும் அப்படித்தான் இருக்கணும். நாலு எழுத்து, அஞ்சு எழுத்து மாறியிருக்கும்."

"சொல்லுடா" என்றாள். 

"ஆயிரக்கணக்குல மாறியிருக்கு. ஒவ்வொண்ணோடயும் வச்சுப் பார்த்துட்டேன். மூணு தரம். இது அதே வகைதான், ஆனா நம்ம வீட்டுப் பிள்ளை இல்லை. தூரத்துப் பங்காளி."

தலைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.  போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

 அண்ணி கேட்டார்: "பார்த்தது யாரு?"

"என்கூட வேலை பார்க்கறவன்தான் அண்ணி."

"உங்க ஆபீஸ்ல உங்க ஆளே பார்த்தா வேற என்ன வரும்?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவளால் கோபப்பட முடியவில்லை. யாராவது அவளிடம் அப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்திருந்தால் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். தலைவரிடம் போய், "சார், இதை வேற ஊர்க் கூடத்துக்கு அனுப்பணும். நம்ம பூஞ்சையோட எழுத்து, அண்ணனோடது, ரெண்டையும். யாருடையதுன்னு சொல்லாம" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் அன்றே அனுப்பினார். கோட்டு துவைக்கும் இயந்திரத்தைச் சரிசெய்யவும் அன்றைக்குத்தான் ஆள் வந்தான்.

அண்ணனுக்குக் காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்குவதை மருத்துவர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். தினமும் மருத்துவமனை வாசல் வரை போவாள். வராந்தாவில் அண்ணியின் முதுகு தெரியும். வாங்கி வந்த பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வெளியூரிலிருந்து பதில் வர நாளாகும் என்றார்கள். ஒருவேளை ஆமை தவறிழைத்திருந்தால்? ஃப்ரீசரில் பெயர் எழுதாத டப்பா ஏதாவது மூலையில் கிடந்திருந்தால்? ஆமையைக் கேட்டுக் கேட்டு, அவனே ஒரு நாள் கும்பிட்டுவிட்டான். "தாயே, ஃப்ரீசரைத் தலைகீழாக் கவிழ்த்துப் பார்த்தாச்சு. ஐஸ்தான் பாக்கி."

ஒரு மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. குரலில் எதுவும் பிடிபடவில்லை. "வா. உன்னைக் கேட்கறார்."

முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். அண்ணன் பாதியாக இளைத்திருந்தான். கட்டிலின் அந்தப் பக்கம் அண்ணி நின்றார். இவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏய் காளான், ஏன் அங்கேயே முளைச்சு நிக்கறே? உள்ள வா" என்றான். குரல் காற்றாக வந்தது. "ரெண்டு பேரும் எதுக்குப் பேசிக்காம இருக்கீங்க? இவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

அண்ணி ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள்தான் சொன்னாள். கோட்டு, சட்டை, எழுத்து, எல்லாம். கேட்கக் கேட்க அண்ணனின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. கூரையைப் பார்த்தான். போர்வை நுனியை முறுக்கினான்.

"ஒண்ணு சொன்னா ரெண்டு பேரும் அடிக்கக் கூடாது" என்றான். "நான் குழிக்குள்ள இறங்கினேன்."

"எந்தக் குழி?" என்று அண்ணி திரும்பினார்.

"லிஃப்ட் குழி. பழைய துணிக் கிடங்கு இல்லே, அங்கே. லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. புதுசா வந்த மெக்கானிக்குங்களுக்கு அந்த மாடலே தெரியாது. அது என் பேச்சுக்குத்தான் கேட்கும். மேலேர்ந்து சொல்லிக் குடுத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். மனசு கேட்கலை. அடியில ஒரே ஈரம், மட்கின துணி, குப்பை. முகத்துக்குத் துண்டு கட்டிக்கிட்டுத்தான்…"

"துண்டா!" அண்ணியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "தூசி இருக்கற பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்கன்னு டாக்டர் என்கிட்ட ஒரு தரம், உங்ககிட்ட ஒரு தரம் சொன்னாங்க. என்கிட்ட நடக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? நடந்து நடந்து குழிக்குள்ளயா போனீங்க? எனக்கு இருக்கறது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், அதையும் குடுத்துட்டு நான் எங்கே போக?"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அண்ணன் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான். அண்ணி திட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே அவன் தலையணையைச் சரிசெய்தார். அந்தக் களேபரத்தில் தான் எப்போது உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிடங்குக்காரர்களிடம் சொல்லி லிஃப்டை நிறுத்தினார்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆமைதான் குழிக்குள் இறங்கினான். அவள் மேலே டார்ச் அடித்தாள். சுவர் ஓரத்தில் மட்கிய துணியிலிருந்து பல இடங்களில் பஞ்சில் தொட்டு எடுத்தான். வளர்த்ததில் பெரும்பாலும் சாதாரணப் பூஞ்சைதான். ஒரு தட்டில் மட்டும் நடுவில் பச்சை, சுற்றிலும் வெள்ளை. அதைப் படித்து அண்ணனுடையதன் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று கோடியில் விரல் விட்டு எண்ணக்கூடிய எழுத்துகள்தான் மாறியிருந்தன. வெளியூர்க் கூடத்துக்காரர்களும் அந்த வாரமே எழுதினார்கள்: நீங்கள் அனுப்பிய இரண்டும் ஒரே வகை, ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்க வாய்ப்பில்லை.

மருத்துவர் லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினார். கிடங்கின் குழியைத் துப்புரவாக்கினார்கள். அங்கே இறங்கிய மற்ற இரண்டு மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு நெஞ்சுப் படம் எடுத்ததில் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு இனி பணிமனையில் மேசை வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. "லிஃப்ட் பக்கமே போகாத லிஃப்ட் மெக்கானிக் உலகத்துலேயே நான் ஒருத்தன்தான்" என்று புலம்பினான். திட்டு மறுபடியும் கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. முழுசாகக் கரைய இன்னும் மாதங்கள் ஆகும் என்றார் மருத்துவர். சிறுநீரகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, அண்ணனைச் சக்கர நாற்காலியில் வண்டி வரை தள்ளிப் போக ஆள் வரவேண்டியிருந்தது. அண்ணியும் அவளும் பைகளோடு வராந்தாவில் நின்றார்கள். இத்தனை நாளும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை அவள் அப்போது சொன்னாள்.

"அண்ணி, டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா சொல்லலை. தண்ணி பிடிக்கப் போறேன்னு போனேனே, அப்ப பேசாம கூடத்துக்குப் போயிடலாம்னுகூட நினைச்சேன்."

அண்ணி பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.  

"ரொம்ப நேரமாத் தண்ணி வரலையேன்னு எழுந்து வந்தேன்" என்றார் அண்ணி. "நீ படிக்கட்டுல தாவித் தாவி இறங்கறதைத்தான் பார்த்தேன். செருப்புகூட ஒண்ணு கழண்டு போச்சு உனக்கு. எடுக்கலை நீ." கொஞ்சம் நிறுத்தி, "கோட்டை மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாம். அது இப்பவும் எனக்கு ஆறலை. ஆறும், இரு" என்றார்.

ஆள் நாற்காலியோடு வந்தான். அண்ணன் உட்கார்ந்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன, மறுபடியுமா?" என்றான்.

"ஒண்ணுமில்லை, வாயை மூடிட்டு முகமூடியைப் போடுங்க" என்றார் அண்ணி. கனமான பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூவருமாக வண்டியை நோக்கி நடந்தார்கள்.